ஆலை முந்தினால் மின்சாரம் எப்போது வந்து சேரும்?

கேள்வி
எழுதியவர்: புதுமாணவன்

அனைவருக்கும் வணக்கம். ஒரு வட்டாரத்தில் குறுகிய காலத்தில் தொழிற்சாலைகள் பெருகும்போது அங்குள்ள எரிசக்தித் தேவையும் வழங்கலும் எவ்வாறு மாறுகின்றன என்பது குறித்து, வட்டாரத் திட்டமிடல் பாடத்துக்காக ஓர் ஆய்வேடு எழுதி வருகிறேன். படிக்கப் படிக்கத் தெளிவதற்குப் பதில் குழப்பமே மிஞ்சுகிறது. மலிவான மின்சாரத்தை முதலில் உண்டாக்கிவிட்டால் தொழில்கள் தாமே தேடி வரும் என்கிறார்கள் ஒரு சாரார். தொழில் வந்து நின்று நெருக்கினால்தான் மின் நிலையமும் மின்தடமும் பிறக்கும், அதற்கு முன் எவரும் பணத்தை முடக்க மாட்டார்கள் என்கிறார்கள் மறு சாரார். இரு தரப்புக்கும் சான்றுகள் இருப்பதுதான் சிக்கல்.

இன்னொன்றும் விளங்கவில்லை. கடும் மின்வெட்டு நிலவிய சில பகுதிகளில், அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே மின்சாரம் மிகுந்துபோய் நிலையங்கள் ஓடாமல் நின்றதாகவும், பிறகு மீண்டும் பற்றாக்குறை வந்ததாகவும் படிக்கிறேன். தேவை ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு வளரும் என்று கணக்கிட்டு, அதற்கேற்பக் கட்டிக்கொண்டே போனால் இந்த ஏற்ற இறக்கம் வராதே என்பது என் எளிய எண்ணம். அதில் எங்கே பிழை இருக்கிறது என்று துறையறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி
எழுதியவர்: சுமைவரைவு

பிழை "இத்தனை விழுக்காடு" என்ற சொற்களிலேயே இருக்கிறது. எந்த நிலையம் எந்த நேரத்தில் எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டுப்பாட்டு அறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அங்கே எங்கள் முன் இருந்தது ஆண்டுக் கணக்கு அன்று. 24 மணி நேரத்தில் மின்தேவை ஏறி இறங்குவதைக் காட்டும் வளைகோடு. தொழில் வளர்ச்சி அந்தக் கோட்டை உயர்த்துவது உண்மைதான். அதைவிட முக்கியமாக, அதன் உருவத்தையே மாற்றிவிடுகிறது.

தொழில் அதிகம் இல்லாத ஒரு வட்டாரத்தின் வளைகோட்டை எண்ணிப் பாருங்கள். பகலில் தட்டையாகக் கிடந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் சட்டென்று எழுந்து, இரவு பத்து மணிக்கு மேல் சரிந்து, விடியற்காலையில் அடிமட்டத்தைத் தொடும். இங்கே 10 மெகாவாட் எடுக்கும் ஒரு தொழிற்கூடம் வருகிறது என்று கொள்வோம். அது வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் மட்டும் ஓடுமானால், தன் முழு அளவில் வாரத்தின் 168 மணி நேரத்தில் 48 மணி நேரமே மின்சாரம் எடுக்கிறது. எப்போதும் முழு அளவில் ஓடினால் எடுக்கக்கூடியதில் உண்மையில் எடுக்கும் பங்கைச் சுமைக் காரணி என்போம்; இங்கே அது 29 விழுக்காட்டுக்கும் குறைவு. அதே 10 மெகாவாட்டை மூன்று ஷிப்டும் ஓடும் ஒரு நூற்பாலை எடுத்தால், சுமைக் காரணி 80 விழுக்காட்டைத் தாண்டிவிடும். இரண்டுக்கும் வேண்டிய மின்மாற்றி ஒன்றே, கம்பியும் ஒன்றே. விற்பனையாகும் யூனிட்டுகளோ ஏறத்தாழ மூன்று மடங்கு வேறுபடுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோவில் மின் நிறுவன அதிபர் சாமுவேல் இன்சல் கண்டுகொண்டு பெருஞ்செல்வம் சேர்த்த உண்மை இதுதான்: மாலை விளக்குகளுக்காக நிறுவிய இயந்திரங்கள் பகலில் சும்மா நிற்பதற்குப் பதில், டிராம் வண்டிகளுக்கும் ஆலை மோட்டார்களுக்கும் மின்சாரம் விற்றால் ஒவ்வொரு யூனிட்டின் விலையும் இறங்கும்.

ஆகவே முதல் அலையில் ஆலைகள் இரவுப் பள்ளத்தை நிரப்புகின்றன. வழங்குவோருக்கு அது கொண்டாட்டம். இரண்டாவது அலைதான் ஆளைக் கவிழ்க்கும். ஆலைக்கு வந்தவர்கள் வீடு கட்டுகிறார்கள், கடைகள் திறக்கின்றன, சம்பளம் உயர உயரக் குளிர்சாதனப் பெட்டியும் ஏசியும் வாங்குகிறார்கள். ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மாலை உச்சம் பழையபடி தலைதூக்கி நிற்கிறது, முன்பைவிடப் பன்மடங்கு உயரத்தில். ஆலைகளுக்கு அனுமதி வழங்கும்போது அவற்றின் சுமையை எழுதி வைக்கிறோம். அந்த ஆலைகள் வரவழைக்கப்போகும் மக்களின் சுமையை எந்த விண்ணப்பத்திலும் யாரும் எழுதித் தருவதில்லை.

பிறகு, எல்லா மெகாவாட்டும் ஒன்றல்ல. இரும்புத் துண்டுகளை உருக்கும் மின்வில் உலை ஒன்று உருக்கத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில் அதன் சுமை நொடிக்கு நொடி துள்ளும். அருகில் உள்ள ஊரில் மின்விளக்குகள் கண் சிமிட்டுவதை வைத்தே உலை பற்றவைக்கப்பட்டதைச் சொல்லிவிடலாம். மோட்டார்கள் பெருகினால் திறன் காரணி, அதாவது எடுக்கும் மின்னோட்டத்தில் வேலை செய்யும் பங்கு, கெட்டு, வேலை செய்யாத மின்னோட்டத்தையும் கம்பிகள் சுமக்க நேரும். அதற்கு மின்தேக்கிகள் வைக்க வேண்டும். எங்களைப் பெரிதும் தூங்கவிடாமல் செய்ததோ பண்டிகை விடுமுறை இரவுகள். ஆலைகள் அனைத்தும் நின்றுவிடும். அவற்றுக்காகப் போட்ட நீண்ட உயரழுத்தத் தடங்கள் சுமையின்றிக் கிடக்கும். மின்னழுத்தம் வரம்பைத் தாண்டி ஏறும். பற்றாக்குறைக்காகக் கவலைப்பட்ட அதே அறையில், எடுக்க ஆளில்லாத மின்சாரத்தை என்ன செய்வதென்று தவிப்போம். சில வேளை நன்றாக இருக்கும் தடத்தையே துண்டித்து அழுத்தத்தை இறக்கியிருக்கிறோம்.

கடைசியாகக் காலம். ஓர் ஆலையை ஒன்றரை ஆண்டில் எழுப்பிவிடலாம். அதற்கான துணை மின் நிலையத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்; நிலம் கடந்து செல்லும் உயரழுத்தத் தடத்துக்கு அதைவிடக் கூடுதல், எதிர்ப்பு வந்தால் கணக்கே இல்லை. அனல் மின் நிலையம் நான்கைந்து ஆண்டு, பெரிய நீர்மின் திட்டம் பத்தாண்டை நெருங்கும். அப்படியானால் இன்று திறக்கும் ஆலை, அதைப் பற்றிக் கனவுகூடக் கண்டிராதவர்கள் ஐந்து ஆண்டுக்கு முன் எடுத்த முடிவை நம்பித்தான் ஓடுகிறது. உங்கள் ஏற்ற இறக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

மறுமொழி
எழுதியவர்: பழைய ஏடு

எது முந்தும் என்ற கேள்விக்கு, எந்தத் தொழில் என்ற எதிர்க்கேள்விதான் விடை. மின்சாரமே மூலப்பொருளாக இருக்கும் தொழில்கள் ஆற்றங்கரைக்கு மிருகம் வருவதுபோல மின்சாரத்தைத் தேடிச் செல்லும். நார்வேயில் ருக்கான் என்ற ஊர் அவ்வாறு பிறந்ததே. காற்றில் உள்ள நைட்ரஜனை மின்வில் கொண்டு உரமாக்கும் முறைக்கு அளவற்ற மின்சாரம் தேவைப்பட்டது. 1905-இல் தொடங்கப்பட்ட நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் அருவி இருக்கும் மலைப் பள்ளத்தாக்குக்கே சென்றது. 1911-இல் அங்கே இயங்கத் தொடங்கிய வேமோர்க் நீர்மின் நிலையம் 108 மெகாவாட் திறனுடன் அன்றைய உலகின் மிகப் பெரிய மின் நிலையமாக இருந்தது. மின்சாரத்தைத் தொலைவுக்குக் கொண்டு செல்வது அரிதாக இருந்த காலம் அது. ஆகவே ஊரே அருவிக்கு இடம்பெயர்ந்தது.

அலுமினியம் இன்றும் அப்படித்தான். ஒரு டன் உருக்க ஏறத்தாழ 14,000 யூனிட் வேண்டும். ஆண்டுக்கு 3 இலட்சம் டன் தரும் உருக்காலை என்றால், பெருக்கி வகுத்துப் பாருங்கள், இரவு பகலாக 480 மெகாவாட் அளவுக்கு இடைவிடாமல் எடுத்துக்கொண்டே இருக்கும். நான்கைந்து மணி நேரம் மின்சாரம் நின்றால் தொட்டிகளில் உள்ள உருகிய உலோகம் உறைந்து பாறையாகிவிடும். ஐஸ்லாந்தின் கிழக்கில் 690 மெகாவாட் காரஹ்நியூகர் நீர்மின் திட்டம் கட்டப்பட்டது ஏறக்குறைய ஒரே ஓர் உருக்காலைக்காக. ஆடைத் தொழிலோ, வாகனத் தொழிலோ, மின்னணுக் கருவிகளைப் பொருத்தும் தொழிலோ அப்படி நகராது. அவற்றின் செலவில் மின்சாரம் சிறு பங்கு. துறைமுகமும் தொழிலாளரும் இருக்கும் இடத்தில் அவை வந்து உட்கார்ந்துவிடும்; மின்சாரம் பின்னால் மூச்சிரைக்க ஓடி வர வேண்டும்.

இரண்டும் ஒரே நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து, பிறகு தலைகீழாகத் திரும்பியதைப் பார்க்க வேண்டுமானால் போருக்குப் பிந்தைய ஜப்பானைப் படியுங்கள். 1950களின் தொடக்கத்தில் ஒசாகாவை உள்ளடக்கிய கான்சாய் வட்டாரத்தில் தொழில்கள் மீண்டெழுந்தபோது மின்பற்றாக்குறை கழுத்தைப் பிடித்தது. கான்சாய் மின் நிறுவனம் 1956-இல் குரோபே ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கில் அணை கட்டத் தொடங்கியது. பாறைக்குள் சுரங்கம் குடையும்போது நொறுங்கிய பாறைப் பகுதியில் நீர் பீறிட்டு, பல மாதங்கள் வேலை முடங்கியது. 1963-இல் அணை முடிந்தபோது 171 உயிர்கள் போயிருந்தன. அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த நிலையத்தின் திறன் 335 மெகாவாட்.

அந்த ஏழாண்டுகளில் கடற்கரைத் தொழில்கள் வளர்ந்த வேகத்துக்கு மலையாறுகள் ஈடுகொடுக்க முடியவில்லை. 1960களின் தொடக்கத்திலேயே அனல் மின்சாரம் நீர்மின்சாரத்தை முந்திவிட்டது. அதுவரை நீர் முதன்மை, நெருப்பு துணை என்று இருந்த ஏற்பாடு தலைமாறி, நெருப்பு முதன்மையும் நீர் துணையுமாயிற்று. எரித்ததோ பெரும்பாலும் கப்பலில் வந்த எண்ணெய். அது மலிவாக இருந்த வரையில் எல்லாம் நன்றாக இருந்தது. 1973–74-இல் எண்ணெய் விலை நான்கு மடங்கானபோது, ஆண்டுக்கு 10 இலட்சம் டன்னுக்கு மேல் அலுமினியம் உருக்கும் வல்லமை பெற்றிருந்த ஜப்பானிய ஆலைகள் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஃபூஜி ஆற்றில் சொந்த நீர்மின் நிலையங்கள் வைத்திருந்த கம்பாரா உருக்காலை மட்டும் 2014 வரை தாக்குப்பிடித்தது. தொழில் தேவையை மாற்றியது, தேவை வழங்கலை மாற்றியது, மாறிய வழங்கலின் விலை திரும்பி வந்து எந்தத் தொழில் நிலைக்கும் என்பதை முடிவு செய்தது. இந்தச் சுற்றை விட்டுவிட்டு ஒரு பக்க அம்புக்குறி மட்டும் வரைந்தால் உங்கள் ஆய்வேடு பாதியில் நிற்கும்.

மறுமொழி
எழுதியவர்: நீராவி

மேலே எழுதிய இருவரும் மின்சாரத்தைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார்கள். கேள்வியில் இருப்பதோ எரிசக்தி. உலகத் தொழில்துறை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாகவே செலவாகிறது. சிமென்ட் சூளைக்குள் பொருள் 1,450 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும். காகிதம், சர்க்கரை, உணவுப் பதனம், சாயம் அனைத்தும் நீராவியில் ஓடுகின்றன. நிலக்கரியும் உலை எண்ணெயும் எரிவாயுவும் விறகும் உமியும் மின்வாரியங்களின் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் ஆலை வாயிலுக்குள் லாரியில் நுழைகின்றன. மின்சாரக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வட்டாரத்தின் எரிசக்தித் தேவை இவ்வளவுதான் என்று எழுதுவது, வீட்டுக்கு வந்த தண்ணீரைக் குழாயில் மட்டும் அளந்துவிட்டுக் கிணற்றை மறந்துவிடுவதைப் போன்றது.

சாயப்பட்டறைக் கொதிகலன்களோடு பல ஆண்டுகள் பழகியிருக்கிறேன். மின்சாரம் போனால் முதலில் நிற்பது உலைக்குக் காற்றூட்டும் மின்விசிறி. நெருப்பு தணிகிறது, அழுத்தமானியின் முள் மெல்ல இறங்குகிறது, சாயத் தொட்டியில் சுழன்றுகொண்டிருந்த துணி அசைவற்று நிற்கிறது. பத்து நிமிடம் கழித்து மின்சாரம் திரும்பினாலும், நின்ற இடத்தில் படிந்த நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும்; அந்தத் துணியை வெளுத்து மறுபடி சாயமேற்ற வேண்டும். அதற்கு இன்னொரு மடங்கு நீராவி, இன்னொரு மடங்கு எரிபொருள். மின்வெட்டு எரிசக்தித் தேவையைக் குறைக்கும் என்று மேலோட்டமாகத் தோன்றும். எங்கள் கொதிகலன் அறையில் அது பல நாள்கள் எரிபொருள் செலவைக் கூட்டியதை என் கையால் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். பிறகு விசிறிக்கும் பம்புக்கும் என்று சிறிய டீசல் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு முழுப் பட்டறைக்கும் பெரியது வாங்கினார்கள்.

எரிபொருளுக்கும் பாதை வேண்டும் என்பது இன்னொரு செய்தி. சீனாவின் நிலக்கரி வடக்கிலும் மேற்கிலும் கிடைக்கிறது, ஆலைகள் தெற்கிலும் கிழக்கிலும் நிற்கின்றன. நிலக்கரிக்காகவே போட்ட தாதோங் – சின்ஹுவாங்தாவ் இரயில்பாதை 650 கிலோமீட்டரில் ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கும் மேல் சுமந்திருக்கிறது. அப்படியும் போதாமல், உள் மங்கோலியாவிலிருந்து நிலக்கரி ஏற்றி வந்த லாரிகள் பெருகியதும் சாலைப் பணிகளும் சேர்ந்து, 2010 ஆகஸ்டில் பெய்ஜிங் நோக்கிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு வாகனங்கள் பல நாள்கள் தேங்கி நின்றன.

இனி வரப்போவது வேறு வகை. மணிக்கு 10 டன் நீராவி தரும் கொதிகலன் ஒன்று பெரிய செய்தியே அல்ல; நடுத்தர ஆலை எதிலும் இருக்கும். அதன் வெப்பத்தை மின்சாரமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 7 மெகாவாட் வருகிறது. கரியைக் கைவிட்டு மின் கொதிகலனுக்கு மாறும்படி அந்த ஆலையைக் கேட்டால், ஒரு புதிய ஆலைகூட முளைக்காமலே அந்த ஊரின் துணை மின் நிலையம் திணறத் தொடங்கும். பத்து ஆலைகள் ஒரே ஆண்டில் மாறினால் என்ன ஆகும் என்பதைச் சுமைவரைவு ஐயாதான் சொல்ல வேண்டும்.

கேள்வியாளரின் பதில்
எழுதியவர்: புதுமாணவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வளைகோட்டின் உருவம் பற்றியும் வெப்பம் பற்றியும் நான் எண்ணியே பார்க்கவில்லை. ஆனால் ஓர் ஐயம் எழுகிறது. ஆலை முந்தி மின்சாரம் பிந்துவதால்தான் இத்தனை இழப்பு என்றால், தேவைக்குச் சற்று மிகையாகவே எப்போதும் கட்டி வைத்துவிடுவது நல்லதல்லவா? உபரி வீண்தான், இருந்தாலும் பற்றாக்குறையைவிட மேலானது என்று தோன்றுகிறது.

மறுமொழி
எழுதியவர்: வரவுசெலவு

"சற்று மிகையாக" என்பது எவ்வளவு, எங்கே, யார் பணத்தில் என்று கேட்டுவிட்டால் இந்த யோசனை அவ்வளவு எளிதாக நிற்காது. இரண்டு கதைகளை அடுத்தடுத்து வைக்கிறேன்.

அமெரிக்காவின் வடமேற்கில் போனவில் நிர்வாகம் என்ற அரசு மின் அமைப்பின் மலிவான நீர்மின்சாரத்தை நம்பி அலுமினிய ஆலைகள் வளர்ந்திருந்தன. மின்தேவை ஆண்டுக்கு 7 விழுக்காடு உயரும், அதாவது பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்ற அன்றைய வழக்கமான கணக்கை நம்பி, வாஷிங்டன் மாநிலப் பொது மின் அமைப்பு ஐந்து அணு உலைகளைக் கட்டப் புறப்பட்டது. கட்டணம் ஏறியது, மக்களும் ஆலைகளும் சிக்கனமாயினர், தேவை அந்தக் கோட்டில் ஏறவே இல்லை. ஐந்தில் ஒன்று மட்டும் 1984-இல் முடிந்து இன்றும் இயங்குகிறது. கைவிடப்பட்ட இரண்டு உலைகளுக்காக வாங்கிய 225 கோடி டாலர் கடன் பத்திரங்கள் 1983-இல் திருப்பித் தரப்படாமல் போயின. உள்ளாட்சிப் பத்திரங்களில் அதுவரை கண்டிராத பெரிய கடன் தவறுகை அது. நீங்கள் முதல் கேள்வியில் எழுதிய எளிய முறையை அவர்கள் மிகுந்த கவனத்தோடு கடைப்பிடித்தார்கள் என்பதைச் சொல்லவே இதை எழுதினேன்.

அடுத்தது சீனாவின் சிச்சுவான். அங்கே எர்த்தான் நீர்மின் நிலையம், 3,300 மெகாவாட், 1990களில் கட்டப்பட்டு 1998–99-இல் ஓடத் தொடங்கியது. அது திறந்த நேரம் ஆசிய நிதி நெருக்கடியின் காலம். தொழில்கள் மந்தமாகி, பக்கத்து வட்டாரங்கள் தத்தம் அனல் நிலையங்களைக் காக்க முனைந்தன. விற்க முடியாத மின்சாரத்துக்குரிய தண்ணீர் மதகு வழியே வீணாக வழிந்தது. நாடு முழுவதுமே மின்சாரம் மிஞ்சிவிட்டது என்று எண்ணி, புதிய அனல் நிலையங்களுக்கான அனுமதி பெரும்பாலும் நிறுத்திவைக்கப்பட்டது. 2001 இறுதியில் உலக வணிக அமைப்பில் சீனா சேர்ந்ததும் ஏற்றுமதி ஆலைகள் காளான்போல் முளைத்தன. 2003, 2004 ஆகிய இரு ஆண்டுகளிலும் மின்நுகர்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு உயர்ந்தது. அந்த வேகத்தில் ஐந்தே ஆண்டில் தேவை இரட்டிப்பாகும். இருபதுக்கும் மேற்பட்ட மாகாணங்களில் மின்வெட்டு வந்தது. குவாங்தோங்கில் ஆலைகள் டீசலுக்கு மாறின. பதறிப்போய் அனுமதிகளை வாரி வழங்கியதில் 2006 என்ற ஒரே ஆண்டில் 1,00,000 மெகாவாட் அளவுக்குப் புதிய திறன் சேர்ந்தது. இப்போது சொல்லுங்கள், 1999-இல் எர்த்தான் மிகையா, தேவையா? நான்கே ஆண்டு பொறுத்திருந்தால் அது தேவை. கடனுக்கு வட்டி கட்டுபவனுக்கு நான்கு ஆண்டு என்பது நீண்ட காலம்.

உபரி இருந்த இடத்தில் அது இருந்ததே தவிர, பற்றாக்குறை இருந்த இடத்தில் இல்லை என்பதையும் கவனியுங்கள். தென்மேற்கின் ஆற்று மின்சாரத்தைக் குவாங்தோங்குக்குக் கொண்டு செல்ல நீண்ட தடங்கள் வேண்டியிருந்தன. மூன்று பள்ளத்தாக்கு அணையிலிருந்து குவாங்தோங்குக்கு 3,000 மெகாவாட் நேர்மின்னோட்டத் தடம் 2004-இல் வந்தது. யுன்னானிலிருந்து 800 கிலோவோல்ட் அழுத்தத்தில் 5,000 மெகாவாட் சுமக்கும் தடம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. அந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருந்ததை 2022 ஆகஸ்ட் காட்டிக்கொடுத்தது. சிச்சுவானின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர்மின்சாரம். வறட்சியில் ஆறுகள் வற்றின, வெயிலில் ஏசிகள் ஓடின, கிழக்கு மாகாணங்களுக்கு ஒப்பந்தப்படி மின்சாரம் அனுப்பவும் வேண்டியிருந்தது. முடிவில் மாகாணத்தின் 21 நிர்வாகப் பகுதிகளில் 19-இல் ஆலைகளை ஆறு நாள் மூடச் சொன்னார்கள். பெயர்ப்பலகையில் எழுதிய மெகாவாட் அப்படியே இருந்தது, தண்ணீர்தான் இல்லை.

மிகையின் செலவு பற்றி ஒரு சொல். ஓடாத நிலையத்தின் முதலீட்டுச் செலவு, ஓடும் யூனிட்டுகளின் தலையில் ஏறும். கட்டணம் ஏறினால், பெரிய ஆலைகள் கூரையில் சூரியத் தகடும் சொந்த மின் நிலையமும் வைத்துக்கொண்டு பொது வழங்கலிலிருந்து பாதி விலகும். நன்றாகப் பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் விலக விலக, எஞ்சியோரின் கட்டணம் இன்னும் ஏறும். ஆகவே உபரியை இலவசக் காப்பீடாக எண்ணிவிடாதீர்கள். என் கருத்தில் நிலையத்தை மிகையாகக் கட்டுவதைவிடத் தடத்தையும் துணை மின் நிலையத்துக்கான நிலத்தையும் மிகையாக ஒதுக்கி வைப்பது மேல். விலையில் குறைவு, காலத்தில் கிடைக்கும் இலாபம் பெரிது.

மறுமொழி
எழுதியவர்: ஐயப்பாடு

சுமைவரைவு ஐயா இரவு பகல் ஓடும் சுமையைக் கொண்டாட்டம் என்று எழுதியிருப்பதோடு எனக்கு உடன்பாடில்லை. அது எல்லா நிலையங்களும் கரியிலும் அணுவிலும் ஓடிய காலத்துப் பேச்சு. அயர்லாந்தைப் பாருங்கள். தரவு மையங்கள் அந்த நாட்டின் அளவிடப்பட்ட மின்நுகர்வில் 2015-இல் 5 விழுக்காடு எடுத்தன. 2023-இல் 21 விழுக்காடு. நகர்ப்புற வீடுகள் அனைத்தும் சேர்ந்து எடுத்ததே 18 விழுக்காடுதான். அவற்றின் வளைகோடு மேசைபோலத் தட்டை, சுமைக் காரணி பாடப்புத்தகத்தில் அச்சிடத்தக்கது. ஆனால் பெரும்பாலானவை டப்ளினைச் சுற்றி நெருங்கி நின்றதால் அங்கே தடங்கள் திணறின. புதிய இணைப்புகளுக்கு 2021 முதல் கடுமையான நிபந்தனைகள் வந்தன. காற்று வீசாத குளிர்கால மாலையில் தட்டையான சுமை ஒரு யூனிட்கூட விட்டுத்தராது. வெயிலும் காற்றும் முதன்மையாகும் மின்தொகுப்பில், கேட்டால் இரண்டு மணி நேரம் ஒதுங்கி நிற்கும் ஆலையே நல்ல வாடிக்கையாளர்.

இன்னொரு குறிப்பு. இத்தகைய நிறுவனங்கள் ஒரே மையத்துக்காக மூன்று நான்கு இடங்களில் இணைப்புக் கேட்டு விண்ணப்பித்துவிட்டு, முதலில் கிடைக்கும் இடத்தில் கட்டும். விண்ணப்பங்களைக் கூட்டித் தேவையைக் கணக்கிடுபவர் ஒரு யானையை நான்கு யானைகளாக எண்ணிவிடுகிறார்.

மறுமொழி
எழுதியவர்: சுமைவரைவு

ஐயப்பாடு அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். நண்பகலில் சூரிய மின்சாரம் வெள்ளமாக வந்து, மாலை ஆறு மணிக்கு வடியும் தொகுப்பில், நான் முதலில் எழுதிய பாராட்டு பாதிக்கு மேல் செல்லாது. இருந்தாலும் எல்லா ஆலைகளாலும் ஒதுங்கி நிற்க முடியாது. பழைய ஏடு எழுதிய உருக்காலைத் தொட்டிகள் இரண்டு மணி நேரம் வரை சற்றுக் குறைத்துக்கொள்ளும், நான்கு மணி நேரத்தில் செத்துவிடும். குளிர்பதனக் கிடங்கு நண்பகலில் கூடுதலாகக் குளிர்ந்து மாலையில் ஓய்வெடுக்கும். நீரேற்று நிலையமும் சிமென்ட் ஆலையின் அரவை இயந்திரமும் அப்படியே. கண்ணாடி உலை ஒருபோதும் ஓய்வெடுக்காது. நீராவி அவர்களின் பத்துக் கொதிகலன்களும் மின்சாரத்துக்கு மாறினால், வெந்நீரைச் சேமித்து வைக்கும் தொட்டியோடு மாறினால் எனக்கு மகிழ்ச்சி. தொட்டி இல்லாமல் மாறினால் அவை காலை ஷிப்ட் தொடங்கும் ஒரே மணியில் சேர்ந்து எழும்பி, அந்த மின்மாற்றியை ஒரே வெயில் காலத்தில் முதுமையாக்கிவிடும்.

கேள்வியாளரின் பதில்
எழுதியவர்: புதுமாணவன்

எத்தனை விழுக்காடு என்று தொடங்கியவன், எந்த மணியில், எந்தத் தடத்தில், எந்த வகைச் சுமை என்று கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். ஆண்டு மொத்தங்களை வைத்து எழுதிய இரண்டாம் இயலை எடுத்துவிட்டு, தொழிற்பேட்டைக்குச் செல்லும் மின்தடம் ஒன்றின் மணிவாரி அளவீடுகளை ஐந்து ஆண்டுகளுக்குக் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறேன். கொதிகலன்களின் எரிபொருள் கணக்கை ஆலைகளிடமே கேட்க வேண்டியிருக்கும் என்று தெரிகிறது. அளவீடுகளில் விடுமுறை நாள்களை நீக்கிவிட்டு, வேலை நாள்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமல்லவா?

மறுமொழி
எழுதியவர்: சுமைவரைவு

நீக்கிவிடாதீர்கள். அவற்றையே முதலில் கேளுங்கள். ஆலைகள் அனைத்தும் மூடியிருக்கும் பண்டிகை நாளில் அந்தத் தடத்தில் எஞ்சி ஓடும் சுமைதான், ஆலைகளுக்குப் பின்னால் வந்து குடியேறியவர்களின் சுமை. ஐந்து ஆண்டுகளின் பண்டிகை மாலைகளை ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். நான் சொன்ன இரண்டாவது அலை எந்த ஆண்டில் எழுந்தது என்று தெரிந்துவிடும்.